ஓரெழுத்து

பெல்லந்தூர், ஆறாவது மாடி, இரவு பதினொன்றரை.
ஒற்றை மேற்கோளுக்குள் 'வா' என்று அடித்தேன்.
நீளம் அதிகம் என்றது கம்பைலர்.

ஒரெழுத்துதானே?
எங்களுக்கு அதுவே சொல்,
கோபத்தில் அதுவே முழு வாக்கியம்.

அதன் கணக்கில் வகரம் தனி, கால் தனி,
ஆக ஆறு பைட்.
ஒற்றைக் குறி என்பது
மடிவாளா பிஜியின் ஓராள் அறை;
விருந்தாளிக்கு அனுமதியில்லை.

இரட்டைக் குறி போட்டேன்.
மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு
கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்யம் ஒன்றை
தானே வைத்து மூடியது.

"கேப் வந்தாச்சு" என்றாள் நஸ்ரின்.

போனில், ஏழு மணியிலிருந்து,
மகிழ்மாறன் அனுப்பியது:

வா

மேற்கோள் இல்லை, முற்றுப்புள்ளிகூட இல்லை.
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
படித்துக்கொண்டே இருக்கிறேன்