முந்தினவர் கைவேலை

பதினான்காம் கொண்டை ஊசியில் நின்றுபோன ஜீப்பைக்
கயிறு கட்டி இறக்கி வந்தார்கள்
செவ்வாய்ப்பேட்டைக்கு, என் பட்டறை வாசலுக்கு.
ஃபிலோமினா டீச்சர் சாவியைத் தரவில்லை.
"ஸ்க்ரூ டிரைவர் போட்டாலே திரும்பும் தம்பி" என்றார்.
வாங்கி எட்டு மாதம்.
விற்றது யாரென்று கேட்டால்
நாகலூர்ப் பக்கம், ஒரு புரோக்கர், ஒரு டீக்கடை.
அதற்குமேல் ஆளுக்கு முகமில்லை.

முகமில்லாதவரோடு பேச ஆரம்பித்தேன்.

ஐயா முந்தினவரே,
ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், மஞ்சள் வாசம்.
ஒழுகலை அடைக்கக் கால்கிலோவாவது கொட்டியிருக்கிறீர்கள்.
பெருங்காயம்தான் குறை.
டீசல் டேங்க் ஓட்டையில் சிவப்புச் சோப்பு.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
வாட்டர் பம்ப் கேஸ்கெட்டைச் சுரண்டினால்
யாருடைய கல்யாணப் பத்திரிகையோ.
'நிகழும் மங்களகரமான' வரைக்கும் விட்டுவிட்டு
வளைத்து வெட்டியிருக்கிறது கத்தரி.
மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் போல்ட் ஓட்டை.

எதிர்க்கடை சிக்கந்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவன் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான்.
சிரித்தோம்.

சிரிப்பு நின்றது டேஷ்போர்டுக்குப் பின்னால்.
சூடு காட்டும் முள்ளுக்குப் போகிற ஒயரை வெட்டி,
நுனியை மடக்கி, டேப் சுற்றி,
ஓரமாகக் கட்டிவைத்திருந்தது.
மற்றதெல்லாம் அவசரம். இது பொறுமை.
முள் ஏறினால் மனசு கேட்காதென்று
முள்ளையே தூங்கவைத்தீர்கள்.
பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்ட அன்றும்
டீச்சர் கண்ணெதிரே
அது கீழேதான் படுத்திருந்தது.

கொண்டலாம்பட்டி காயலான் கடையில்
வேறொரு எஞ்சின் அமைந்தது,
குடைசாய்ந்த வண்டியில் கழற்றியது.
முக்காலி நட்டு, செயின் பிளாக்கில் பழையதைத் தூக்கினேன்.
ஆடியது, சொட்டியது, தரைக்கு வந்தது.
காலியான குழிக்குள் கைவிளக்கோடு குனிந்தேன்.

இடப்பக்க மவுண்டிங்கில் ஒரு வெல்டிங்.
திட்டத்தான் வாயெடுத்தேன்.
பற்று முடிகிற இடத்தில்
வால் இடப்பக்கம் சுழிந்திருந்தது.
இந்தத் தெருவில் இடக்கையால் ராடு பிடிக்கிறவன்
நான் ஒருவன்.

எந்த வருஷமோ.
கடை போட்ட புதிதாக இருக்கும்; ராடு வாங்கவே கடன்.
மழை நேரம், பின்னால் மிளகு மூட்டை,
"மலை ஏறினால் போதும்" என்றிருப்பார்.
"மலை என்ன, மைசூருக்கே போகும்" என்றிருப்பேன்.
துரு தட்டாமல், பெயின்ட் சுரண்டாமல்
மேலாக ஒட்டவைத்தது.
அந்த நூற்றைம்பதில் என்ன வாங்கினேனோ.

ஐயா முந்தினவரே,
கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

"இன்னும் ஏதாவது அகப்பட்டதா?" என்றான் சிக்கந்தர்.
"துருதான்" என்றேன்.
அவன் ஷட்டர் இறக்கியபின் கிரைண்டரை வைத்தேன்.
தீப்பொறி செருப்புக்குள் விழுந்தது.
வெள்ளை இரும்பு தெரியும்வரை அரைத்து,
தகடு கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்தேன்.
வால் மறுபடி இடப்பக்கமே சுழிந்தது. கை அப்படி.

மவுண்டிங் கூலியைக் காணோமே என்றார் டீச்சர்,
கணக்குப் பாடம் எடுக்கிறவர்.
விட்டுப்போச்சு, இருக்கட்டும் என்றேன்.
ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் மாற்றவேண்டும்
என்று பேச்சைத் திருப்பினேன்.

ஓட்டம் பார்க்க நானும் ஏறினேன்.
அடிவாரம் தாண்டியதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.
பதினான்காம் வளைவில் இருவரும் பேசவில்லை.
முள் பாதிக்கு வந்தது.
அங்கேயே நின்றது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை.
இரண்டு நாள் ஒயரைத் துழாவியும்
ஹாரனை அழுத்தினால் வைப்பரும் அசைகிறது.
டீச்சரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

பதினெட்டில் மூடுபனி.
மேலிருந்து ஏதோ பஸ் இறங்கும் சத்தம்.
ஹாரன் அடித்தார்.
கண்ணாடி ஒருதரம் துடைத்துக்கொண்டது.