அரை பாயின்ட் கோடு

வரைபடத்தில் அது
அரை பாயின்ட் தடிமன், சிவப்பு.
அச்சடித்தால் ஒரு தலைமுடி.
தரையில் அதற்கு அகலமே கிடையாது
என்றுதான் படித்திருந்தேன்.

பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, பைன் மரங்கள் தாண்டி,
லாரல் கிளென் தனி நகரமாக வேண்டுமாம்.
தனி மேயர், தனி போலீஸ், தனிக் குப்பை வண்டி
என்றது மனு.
கூட்டங்களிலோ பள்ளிக்கூடத்தைத் தவிர
வேறு பேச்சே இல்லை.

கமிட்டித் தலைவர் ஹோல்காம்ப்
என் மேசையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்,
தையற்கடையில் மகனுக்குக் கோட் தைக்கவந்த அப்பா மாதிரி.
இங்கே கொஞ்சம் பிடித்துத் தையுங்கள்,
அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.
டார்கெட் கடை உள்ளே. அதன் பார்க்கிங் உள்ளே.
கால்ஃப் மைதானம் உள்ளே, குளத்தோடு, வாத்துகளோடு.
சிக்கமோர் அபார்ட்மெண்ட் வந்ததும்
விரல் நின்றது.
"ஓடைதானே இயற்கையான எல்லை?"
ஓடை அங்கே ஓடவில்லை,
நானூறு அடி தள்ளி ஓடுகிறது.
சொன்னேன்.
"அப்படியானால் வேலி" என்றார்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை அவர் வாயில்.
நல்ல மனிதர்.
பூங்கோதை என்ற என் பெயரை
நாலு தரம் தடுக்கி விழுந்து
ஐந்தாம் தரம் 'ழ' இல்லாத பெயர்தானே என்பதுபோல்
சரியாகச் சொன்னவர்.

மவுஸைப் பிடித்திருந்தது என் கை.
கிளிக். கிளிக்.
கோடு முழங்கையை மடக்கி
நூற்றுப் பன்னிரண்டு கதவுகளைத்
தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.
தொடாமல்.
இந்தச் சொல்லை நான்
அலபாமாவில் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு உள்ளே.
"எழுபதாயிரம் ஏறும்" என்றார் கணவர்
வெங்காயம் நறுக்கிக்கொண்டே.
கண்ணில் நீர்.
வெங்காயத்தால்தான்.

சாப்பிடும்போது ஆதன் கேட்டான்,
சிட்டிக்குத் தமிழில் என்ன?
ஊர்.
ஜமாரியன் இருக்கிற இடத்துக்கு?
அதற்கும் நம்மிடம் ஒரு சொல் உண்டு.
இரண்டே எழுத்து.
ரசத்தை ஊற்றினேன், தட்டு விளிம்புவரை.
அதுவும் ஊர்தான் என்றேன்.
அப்ப எதுக்கு கோடு?

செவ்வாய்க்கிழமை மெதடிஸ்ட் சர்ச் ஹாலில்
வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன்.
எதற்குப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.
அறுபத்தொரு சதவீதம்.

பள்ளிக் கட்டிடம் கவுண்டியே சேர்ந்து கட்டியது,
சிக்கமோர்க்காரர்களின் வாடகைக்குள்
ஒளிந்திருந்த வரியையும் சேர்த்து.
இனி அதன் செங்கல் எல்லாம் எங்கள் செங்கல்.
சூறாவளிச் சங்கு மட்டும்
பழைய கணக்கில் இருக்கிறது.
மாதத்தின் முதல் புதன்கிழமை
இரண்டு பக்கமும் கேட்க
ஒரே குரலில் ஊளையிடும்.

ஆகஸ்டில் போர்டில் புதுப் பெயர்.
பேண்ட் அறை மூலையில்
டியூபா அதே இடத்தில் சாய்ந்திருக்கிறதாம்.
ஜூன் மாதம் கடைசி நாள்
ஜமாரியன் வால்வுகளுக்கு எண்ணெய் போட்டு,
வாயைத் துடைத்து,
பெட்டியை மூடிவிட்டுப் போயிருக்கிறான்.
டியூபா பள்ளிச் சொத்து. அதனால் உள்ளே.
அதை ஊதுகிற மூச்சு
சாலைக்கு அந்தப்புறம்
காலை ஆறு நாற்பதுக்கு
வேறு பஸ்ஸுக்காக நிற்கிறது.
ஆதன் இந்தப்புறம்.
முதல் வாரம் கையசைத்தார்கள்.
இப்போது இரண்டு பேரும்
போனைப் பார்க்கிறார்கள்.

வெள்ளி இரவு, ஃபுட்பால் ஆட்டம்.
பேண்ட் வாசித்தது.
கிளாரினெட், புல்லாங்குழல், டிரம்பெட்,
எல்லாம் கேட்டது.
அடியில் எதுவோ இல்லை,
மேசைக்கு ஒரு கால் குறைந்ததுபோல.
பக்கத்து இருக்கைப் பெண்மணி
என் முழங்காலைத் தட்டிச் சொன்னாள்,
"இந்த வருஷம் எவ்வளவு தெளிவாய்க் கேட்கிறது, பார்த்தாயா?"