போனானாம்

ரூசே நகரின் எல்லைப் பாலத்துக்கு முன்னால்
லாரிகளை எடை போடும் கூண்டு என்னுடையது.
இரவு பத்து முதல் காலை ஆறு.
சூரியகாந்தி விதை, பழைய இரும்பு,
ஒருமுறை முப்பது சவப்பெட்டிகள், புத்தம்புதியவை.
வெறும் வண்டியின் எடையை முதலில் எழுது.
பாரத்தோடு வருவதைப் பிறகு எழுது.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
பதினோரு வருடமாக இதை மட்டும்
தப்பில்லாமல் செய்கிறேன்.

இழுப்பறையில் நாவல். ஐந்தாவது பிரதி.
ரசீதுகளின் பின்பக்கமெல்லாம் திருத்தம்.

அதில் மெத்தோடி என்றொருவன்
ஜனவரியில், மனைவி தூங்கும்போது,
பாலத்தைக் கடந்து போகிறான்.
"போனான்" என்றுதான் எழுதியிருந்தேன்.

பகல் ஷிப்டுக்கு வரும் கின்கா படித்தாள்,
தயிர்க் கிண்ணத்தை என் பக்கங்கள்மேல் வைத்துக்கொண்டு.
"யார் பார்த்தது?
மனைவி தூங்குகிறாள். தெருவில் ஈ காக்கை இல்லை.
நாய் ஒன்று இருந்தது, அதையும்
போன பிரதியில் கொன்றுவிட்டாய்.
யார் பார்த்தது?"

எங்கள் மொழி இதில் கறார்.
கண்ணால் கண்டதற்கு ஒரு வினை,
காதில் விழுந்ததற்கு வேறு வினை.
அன்றிரவே எல்லாவற்றுக்கும் வால் ஒட்டினேன்.
எழுந்தானாம். சட்டை போட்டானாம்.
கதவைச் சாத்தாமலே போனானாம்.
விடிவதற்குள் என் நாவல்
ரொட்டிக்கடை வரிசையின் வம்பாகிவிட்டது.
மெத்தோடியை எடைமேடையில் ஏற்றினால்
எண்ணே மாறாது.

வெட்டினேன். ஒட்டினேன். வெட்டினேன்.
மார்ச் முழுக்க இதே பிழைப்பு.
ருமேனிய டிரைவர் ஒருவன் கண்ணாடியைத் தட்டி
ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினான்:
இது எத்தனை டன்?

இன்று ஒன்பதாம் அத்தியாயத்தில்
ஒற்றுப் பிழை தேடிக்கொண்டிருந்தபோது,
அடுப்புக்குப் பக்கத்தில்
ஒரு ஜோடி சின்ன பூட்ஸ்.
ஒன்று சாய்ந்து கிடக்கிறது.

யாருடையது?
இந்த வீட்டில் குழந்தையே கிடையாதே.

இருந்தாள். ரோசித்சா. ஏழு வயது.
கதை இழுக்கிறது என்று இரண்டாம் பிரதியில்
நான்தான் எடுத்தேன், நாற்பது பக்கங்களோடு.
அவள் பேச்சை எடுத்தேன். கட்டிலை எடுத்தேன்.
தட்டோரம் அவள் ஒதுக்கி வைக்கும்
பட்டாணியைக்கூட எடுத்தேன்.
பூட்ஸ் கண்ணில் படவில்லை.

அடிக்கப் போன பேனா நின்றது.
அடுப்பு மாலையே அணைந்துவிட்டதென்று
முந்தின பத்தியில் இருக்கிறது, என் கையெழுத்தில்.
பூட்ஸிலிருந்து
இன்னும் சொட்டுகிறது.

அவளைத் திரும்ப அழைக்கவில்லை.
கட்டில் போடவில்லை.
வால்களை மட்டும் ஒவ்வொன்றாக அடித்தேன்.
எழுந்தான். சட்டை போட்டான்.
கதவைச் சாத்தாமலே

நடுவில் ஒரு லாரி வந்தது. மரம்.
குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போனான்.

ஆறு மணிக்குக் கின்கா வந்தாள்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தாள்.
கேட்பாள், கேட்பாள் என்று இருந்தேன்.
பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
கடையில் தயிர் தீர்ந்துவிட்டது என்றாள்.