கழுவாத காசு

அட்டன் டன்பார் வீதியில்
போனுக்கு ரீலோட் போடுவது என் தொழில்.
கண்ணாடி மேசையின் கீழ்த்தட்டில்
பழைய காசு வாங்கி வைப்பது என் நோய்.

வியாழன், மழை விடாத மூன்று மணி.
சாமிமலைப் பக்கமிருந்து இருவர்,
பூமாதேவி, அவள் தம்பி திரவியராஜ்.
ஆளுக்கொரு ஐம்பது சதம்,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று,
ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் தாளிப்பனை.
ஒரே முடிச்சிலிருந்து பாகம் பிரித்தவை.

தம்பி முதலில் வைத்தான்.
எவர்சில்வர் டம்ளர்போல் மின்னியது.
"ராத்திரி முழுக்கத் தேச்சேன் அண்ணே,
புளி, சாம்பல், கடைசியா பற்பசை."
லென்ஸை வைத்தேன்.
ராணியின் கன்னமெங்கும் கீறல்,
பூனையோடு சண்டை போட்டவள்போல்.
"ரெண்டாயிரம்."

அக்கா தீப்பெட்டியைத் தள்ளித் திறந்தாள்.
விளிம்பில் மயில் நீலம்,
அதற்குள் நாவற்பழச் சாறு,
நடுவில் சாயத்தண்ணி நிறத்தில் ஒரு பொன்.
விளக்கடியில் சாய்த்தால்
அத்தனை நிறத்துக்கும் கீழே
ஆதி வெள்ளி இன்னும் சக்கரமாய்ச் சுழன்றது.
"இருபத்தாறு வருசம் இதுக்குள்ளயே கெடந்துச்சு.
கழுவ எங்க நேரம்?"

"பதினெட்டாயிரம்" என்றேன்.
மழை கொஞ்சம் நின்றதுபோல் இருந்தது.

"அழுக்குக்கா காசு?" என்றான் தம்பி.
அழுக்கில்லை தம்பி. குச்சி மருந்தின் கந்தகம்
வெள்ளியோடு மெதுவாய்ப் பேசிய பேச்சு.
பெற்றோல் சிந்திய குட்டையில் தெரியுமே,
அந்த மெல்லிசில் ஒரு தோல்.
இன்னும் பத்து வருசம் கிடந்தால் கறுத்திருக்கும்,
கறுத்தால் விலை இறங்கிவிடும்.
சரியான நேரத்தில் உங்களுக்குக் கஷ்டம் வந்தது
என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளவத்தை டொக்டருக்குப் படம் அனுப்பினேன்.
ஒரே கேள்வி வந்தது:
தானாய் வந்த நிறமா, வரவழைத்த நிறமா?

பெட்டியின் அடியில் பார்த்தேன்,
காசு கிடந்த வட்டம் அட்டையில் பதிந்திருந்தது.
"பெட்டியையும் தாங்க, ஐந்நூறு கூட்டித் தாறேன்."
பெட்டியைத் தந்தாள்.
உள்ளே மிச்சமிருந்த மூன்று குச்சிகளை மட்டும்
எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.
நெருப்பு விலைக்கில்லை.

நோட்டை எண்ணும்போது அவள் விரல்கள்.
டவுனுக்கு வருகிறோமென்று
தேசிக்காய்த் தோல் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.
ரேகைக்குள் இறங்கிய கொழுந்துக் கறை
அப்படியே இருந்தது.
லென்ஸ் இன்னும் என் கண்ணில்தான்.
கழற்றிவிட்டேன்.

தம்பியும் தன்னுடையதை வைத்துவிட்டுப் போனான்.
பஸ்ஸுக்கு நிற்கும்போது
அக்கா ஏதோ எண்ணிக் கொடுக்க
அவன் வாங்காமல் மலையைப் பார்த்தான்.
பிறகு வாங்கினான்.

கடை அடைத்ததும் சோற்று டப்பாவைத் திறந்தேன்.
அவித்த முட்டை ஒன்று.
வித்தை எனக்குத் தெரியும்:
மூடிய டப்பா, உடைத்த முட்டை, தேய்த்த காசு,
இரண்டே ராத்திரியில் மயில் நீலம்.
ஒருமுறை செய்திருக்கிறேன்.
காலியிலிருந்து வாங்கிய மனிதர்
ஒரு சொல்லும் எழுதாமல்
தபாலில் திருப்பி அனுப்பினார்.
அந்த வெற்றுக் கடதாசி
இன்னும் லாச்சியில் கிடக்கிறது.

தம்பியின் காசு மேசையில் மின்னிக்கொண்டிருந்தது,
சொந்த முகம் தொலைத்த வெளிச்சத்தில்.
யன்னல் வழியே மூடுபனி இறங்கிவந்து
அதன் மேல் ஒருதரம் மூச்சுவிட்டுப் போனது.
இப்படி முப்பது வருசம் விட்டால்
ஏதாவது ஒரு நிறம் பிடிக்கலாம்.
கீறல் போகாது.

முட்டையை மிளகுத்தூள் தொட்டுத் தின்றேன்.
விரலில் வாசம் இருந்தது.
கை கழுவும்வரை
அந்தக் காசைத் தொடவில்லை.