மூன்றாவது எண்

தொண்ணூற்றெட்டு மார்ச்சில்
எம்டன் துறைமுகத்துக்கு எதிரே
என் கப்பல் உதிரிபாகக் கடையின் பின்னறைக்கு
ஐ.எஸ்.டி.என். வந்தது.
சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று.
ஒரே செப்புக் கம்பியில் பேச இரண்டு தடம்,
பேசாத மெல்லிய தடம் இன்னொன்று:
யார் கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லும்.
கூடவே எண்கள் மூன்று.
கையெழுத்து வாங்கிய ஆள்
கணினி உங்கள் பாடு என்று போய்விட்டான்.

அட்டை தேர்வதில் இரண்டு வாரம் போயிற்று.
சொந்த மூளை உள்ளது தொள்ளாயிரம் மார்க்.
கணினியின் மூளையை இரவல் கேட்பது தொண்ணூறு.
ஃபொக்கோ சொன்னான்:
பெட்டியின் படத்தைப் பார்க்காதே, ஓக்கா,
உள்ளே என்ன சிப் என்று பார்.
ஒரே பெயரில் மூன்று விதம் விற்கிறார்கள்,
அதில் ஒன்றைத்தான் உன் யூனிக்ஸுக்குத் தெரியும்.
தெரிந்த அந்த ஒன்று
ஓல்டன்பர்க்கில் பழைய சாமான் கடையில் கிடைத்தது,
அறுபதுக்கு, ரசீது இல்லாமல்.

ஐந்தாம் ஐ.ஆர்.க்யூ.வில்
ஒலியட்டை முன்பே குடியிருந்தது.
ஒண்டுக்குடித்தனம் ஒத்துவரவில்லை,
கணினி பாதியில் உறைந்து நின்றது.
ஜம்பரைப் பிடுங்கி ஒன்பதுக்கு மாற்றப் போய்
அது தெறித்துப் பலகை இடுக்கில் விழுந்தது.
கடுகளவு பிளாஸ்டிக்.
டார்ச்சும் இடுக்கியுமாக முக்கால் மணி நேரம்.
பிறகு கர்னலைத் தொகுக்க விட்டுவிட்டு
ஹெர்ரிங் வைத்த ரொட்டி தின்றேன்.
தின்று, கடை பூட்டி, மறுபடி திறந்த பிறகும்
தொகுத்துக்கொண்டே இருந்தது.

கம்பியின் கடைசியில்
நூறு ஓம் தடை இரண்டு வேண்டும்.
இல்லாவிட்டால் சொன்ன சொல்
முனையில் மோதி, சொன்னவர் மேலேயே திரும்பும்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை,
நானும் என் தம்பி ஹப்போவும்
அப்படித்தான் பேசிக்கொண்டோம்,
அப்பாவின் படகை நான் விற்ற வருஷம்.

உள்ளமைவுக் கோப்பில்
முதல் எண் கடைக்கு,
இரண்டாவது கணினிக்கு.
மூன்றாவது எங்கள் பழைய எண்.
அதை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று
வரிக்கு முன்னால் ஒரு # போட்டு
ஊமையாக்கினேன்.

ஆறு வாரம் கழித்து
வேறு எதையோ தேடிப் பதிவேட்டைத் திறந்தேன்.
18:40. உள்வரும் அழைப்பு. மூன்றாம் எண். ஏற்கும் சாதனம் இல்லை.
மறுநாளும் 18:40.
ஞாயிறு தவிர எல்லா நாளும்.
மணி அடிக்காத அழைப்புகள்,
எடுக்காததால் எந்த ரசீதிலும் வராதவை.
கூப்பிட்டவர் எண் இருக்க வேண்டிய இடத்தில்
நெதர்லாந்தின் குறி மட்டும்: 31.
ஹப்போ ராட்டர்டாமில் இருக்கிறான்.
அவனிடம் இருப்பது பழைய எண்தான்.

#-ஐ அழித்தேன்.
ஓர் எழுத்துதான், ஆனாலும்
சேமிக்கும் முன் இரண்டு தரம் எழுந்து நடந்தேன்.
டீமனுக்குச் சைகை கொடுத்தேன், கோப்பை மறுபடி படி என்று.
பச்சைத் தொலைபேசியை அந்த எண்ணுக்கு மாட்டினேன்.
என்ன சொல்வது?
படகு நல்ல விலைக்குப் போகவில்லை என்றா?

18:40.
அடித்தது.
ஹப்போ, என்றேன்.

ஊளை.
நீண்ட, ஒரே சுருதியில் ஊளை,
நிறுத்தி, மறுபடி ஊளை.
ஃபேக்ஸ்.

மறுநாள் அடாப்டர் வழியாக
ஃபேக்ஸ் பெட்டியை இணைத்துத் தாள் வைத்தேன்.
டெல்ஃப்சைலிலிருந்து, ஹேஸ்யே பூலன்ஸ்:
தண்டு சீல் வளையம் பதினான்கு. மிக அவசரம்.
தேதி, ஆறு வாரம் முந்தையது.
தனியாக நின்று சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே.
பதினான்கையும் அனுப்பினேன்,
எட்டு சதவீதம் தள்ளுபடியோடு.
இனி இரண்டாம் எண்ணுக்கு அனுப்பவும்
என்று ஒரு வரி சேர்த்தேன்.

இப்போது 18:40-க்கு ஒன்றும் வருவதில்லை.
மூன்றாவது எண் சும்மா கிடக்கிறது,
முன்னால் # இல்லாமல்.