பின்கண்ணாடி

கொய்யாய்க்கேயில் பழைய வண்டி விற்கும் சத்துர்னீனோ
மூன்று மாதமாக எங்களைப் பார்க்கிறான்.
முதல் மாதம் காப்பி தந்தான்.
அடுத்த மாதம் வெறும் நாற்காலி.
இப்போது தலையசைப்பதோடு சரி.

நிபால்தோவுக்குப் பிக்கப்தான் வேண்டும்.
விறகோ மீனோ சேறோ
பின்தொட்டியில் எறிந்துவிட்டு வரலாம்,
வீடு வந்து குழாயைத் திறந்தால் போதும் என்பான்.
எனக்கு எஸ்யூவி.
பின்னிருக்கையை மடித்தால் ஒரு படுக்கை.
அளந்தேன்: நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
அவன் நூற்று எண்பத்து நான்கு.
மிச்சத்துக்கு முழங்காலை மடக்கேன் என்றேன்.
"ஆறு சென்டிமீட்டருக்காக
ஆயுள் முழுக்க மடங்கிக் கிடப்பதா?"

வருஷத்தில் பதினாறு நாள்தான் வெளியே போகிறோம்.
மற்ற நாளெல்லாம்
பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை, பல் டாக்டர்.
அதைச் சொன்னால்
இருவருக்குமே கோபம் வருகிறது.

சரி, இரவல் வாங்கி ஓட்டிப் பார்ப்போம் என்று
முதல் வாரம் அவன் அண்ணன் எலியேசரின் பிக்கப்.
சரளைச் சாலை. கணவாயில் மழை.
ஒரு முடிச்சு நழுவி
நாற்பது கிலோமீட்டர் தூரம்
தார்ப்பாய் எங்களைப் பின்னாலிருந்து
அறைந்துகொண்டே வந்தது.
ஆற்றங்கரையில் நிறுத்திப் பார்த்தால்
மாவு தன்னைத்தானே பிசைந்து முடித்திருந்தது.
தூக்கப்பைகள் வயிறு முட்டக் குடித்திருந்தன.

யார் போட்ட முடிச்சு?
இருபத்திரண்டு வருஷத்தில்
நாங்கள் போட்ட எல்லா முடிச்சும்
அந்தக் கேள்வியில் வந்து மாட்டின.
அவன் கதவைச் சாத்திவிட்டுப் போய்
தொட்டியில் ஏறி உட்கார்ந்தான்.
தூறலில், எனக்கு முதுகு காட்டி.
நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டேன்.
நடுவில் பின்கண்ணாடி.
அதில் அவன் சட்டைக் காலர் மட்டும்,
ஒரு மணி நேரமாக.

பிறகு டொக் டொக் என்று ஒரு விரல்.
ஆவியைத் துடைத்துப் பார்த்தேன்.
அவன் கை நீட்டிய திசையில்
கூழாங்கல் மேல் ஒரு நரி,
எங்கள் மாவை முகர்ந்து பார்த்துவிட்டு
வேண்டாமென்று போய்க்கொண்டிருந்தது.
அவன் தோள் குலுங்கியது.
எனக்குச் சத்தம் கேட்கவில்லை.
நானும் சிரித்தேன்.
அவனுக்கும் கேட்டிருக்காது.

அடுத்த வாரம்
என்னோடு வேலை பார்க்கும் ஹெரால்தீனாவின் எஸ்யூவி.
உண்மையைச் சொல்ல வேண்டும்:
ஒரு துளி நனையவில்லை.
மாவு மாவாகவே வந்தது, முட்டைகூட உடையவில்லை.
பகல் முழுக்க
நான் ஜெயித்த முகத்தோடு ஓட்டினேன்.

ராத்திரி பேச்சு எங்கோ சுற்றி
என் தம்பிக்குக் கொடுத்த கடனில் போய் நின்றது.
வெளியே காற்று, கதவைத் திறந்தால்
கீலோடு பிடுங்கிப்போகும் காற்று.
நான்கு கதவிருந்தும் போக இடமில்லை.
மீன் வாசனை, மண்ணெண்ணெய் வாசனை,
ஈரக் காலணி, நாய், நாங்கள், கடன்
எல்லாம் ஒரே அறையில்
கால் மடக்கிப் படுத்திருந்தோம்.
பேசாமல் இருப்பதற்குக்கூட
அவன் முழங்கையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டியிருந்தது.

விடியற்காலை நெற்றியில் சொட்டு.
கூரை ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்தேன்.
இல்லை. எங்கள் மூச்சுதான்
கூரையில் குளிர்ந்து
எங்கள் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

இன்று சனிக்கிழமை.
சத்துர்னீனோ செய்தித்தாளிலிருந்து
தலையைத் தூக்கவில்லை.
"அந்தச் சாம்பல் நிறப் பிக்கப்" என்றேன்.
நிபால்தோ என்னைத் திரும்பிப் பார்த்தான்,
தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் மாதிரி.
"அப்போ படுக்கை?"
"கூடாரம் இருக்கிறது.
முடிச்சு இனி நான் போடுகிறேன்."
காரணம் கேட்டான். சொல்லவில்லை.

சத்துர்னீனோ காப்பிக் கோப்பையைத்
தேடிக்கொண்டிருந்தான்.
எஞ்சின், டயர், அடிப்பக்கத் துரு
எல்லாவற்றையும் நிபால்தோ குனிந்து பார்த்தான்.
நான் உள்ளே ஏறி உட்கார்ந்து
பின்கண்ணாடியை மட்டும்
விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கேட்டது.
அவன் நிமிர்ந்தான்.