வழக்கம் என்ன, சொல்லு

ஆறு மணிக்குப் படகு.
காரையாறு அணையிலிருந்து பஸ்,
பாபநாசத்தில் இறங்கி இன்னொன்று,
அம்பையில் இறங்கி இன்னொன்று.
சேரன்மகாதேவி அலுவலகத்தில்
ஒரு மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்,
தப்பாக.

"நீ காணிதான்னு எப்படித் தெரியும்?
உங்க வழக்கமெல்லாம் சொல்லு, பாப்போம்."
நர்சிங் கல்லூரி கேட்ட காகிதம்
மேசையின் அந்தப் பக்கம் இருந்தது.

மூட்டில்லம் என்றேன்.
மேனில்லத்தில் கொடுப்போம், எடுப்போம் என்றேன்.
"இல்லம்னா வீடா?"
இல்லை சார், வீடு வேறே,
அதுக்குப் பட்டா கிடையாது.
முதலில் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்.

"தேன் எடுப்பீங்களா?"
எடுப்போம். நிலா இல்லாத இரவில்
பாறையின் நெற்றியிலிருந்து கொடியேணியில்
ஈச்சன் மாமா இறங்குவார்.
மேலே கொடியைப் பிடித்திருப்பது
கூடப் பிறந்தவன் இல்லை, பெண் கொடுத்த மச்சினன்.
தங்கச்சி தாலியறுக்க எவன் கையை விடுவான்?
பியூன் சிரித்துவிட்டார்.

ஈச்சன் மாமாவும் அந்த மச்சினனும்
மரச்சீனி விளை எல்லைத் தகராறில்
மூன்று வருசமாகப் பேச்சில்லை.
கொடியை மட்டும் வந்து பிடிப்பான்.
பேசாமல் பிடிப்பான்,
பேசாமல் தன் பங்கு தேனை வாங்கிக்கொண்டு போவான்.
இதை நான் சொல்லவில்லை.
படிவத்தில் கட்டம் சின்னது.

"காய்ச்சல் வந்தா?"
பிலாத்தி வந்து சாற்று நடத்துவார்.
போன ஐப்பசியில் அம்மாவுக்கு அனலடித்தது.
விடிய விடியக் கொக்கரை உரசி
மலை மலையாகப் பெயர் சொல்லி அழைத்தார்.
கோழி கூவும் முன்னே
கொக்கரையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு
சிக்னல் கிடைக்கிற பாறைக்கு அவரேதான் ஏறி
நூற்றியெட்டுக்குப் போன் போட்டார்.
தொட்டில் கட்டிப் படகுத்துறைக்குத் தூக்கியபோது
முன்கம்பு அவர் தோளில்.
"அப்போ சாமி மேல நம்பிக்கை இல்லையா?"
எந்த இடத்தில் இல்லை என்று கேட்க
நாக்கு நுனிவரை வந்தது.
கல்லூரிக்குக் கடைசித் தேதி இருபத்திரண்டு.

"கொக்கரைன்னா என்ன?"
இரும்புக் குழல், உடம்பெல்லாம் வரி வரியாக...
சொல்லச் சொல்ல அவருக்குப் பிடிபடவில்லை.
மேசையில் கம்பிச்சுருள் நோட்டு ஒன்று கிடந்தது.
கேட்காமலே எடுத்தேன்.
பேனா மூடியால் சுருளில்
மேலும் கீழும், மேலும் கீழும் இழுத்தேன்.
டைப் அடித்துக்கொண்டிருந்த அக்காள் நிறுத்தினாள்.
வரிசையில் நின்ற குழந்தை அழுகையை நிறுத்தியது.
எனக்கே முதுகு சில்லிட்டது.

"பாட்டு?" என்றார்.
முதல் அடி வாய்க்குள் வந்து நின்றது.
நோவாளி இல்லை, விளக்கு இல்லை,
உச்சி மத்தியானம், டியூப் லைட்.
அழைத்து, அது வந்துவிட்டால்
என்ன சொல்லித் திருப்பி அனுப்ப?
தெரியாது சார் என்றேன்.
பொய்தான்.
தெரியாது என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.
"நேர்ல வந்து விசாரிக்கணும். வியாழக்கிழமை."

திரும்புகையில் பாபநாசம் செக்போஸ்டில்
பஸ்ஸுக்குள் ஏறிய வாட்சர்
என் முகத்தைப் பார்த்தார்.
பையைத் திறக்கச் சொன்னார்.
சோப்பு, பிஸ்கட், அம்மாவின் மாத்திரை.
"காணிப்புள்ளதான? சரி, போ."
அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

அணைத் தண்ணீரில் வெயில் சாய்ந்துவிட்டது.
அக்கரையில் இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.
அண்ணன் கெட்ட வார்த்தை சொன்னான்.
அப்பா ஒன்றும் சொல்லாமல்
படகில் ஊறிய தண்ணீரைக் கோரி இறைத்தார்.
அம்மாதான் கேட்டாள்:
"எத்தன பேரு வாராவ?
மத்தியானம் ஆயிருமே.
கெழங்கு அவிச்சி மீன் சுட்டு வைக்கலாம்.
காந்தாரி மொளகா அரைச்சா
அந்த மனுசனுக்கு ஒறைப்பு தாங்குமா,
கேட்டியா?"

கேட்கவில்லை.